ஏற்கெனவே டிக் போட்ட கட்டம்

சொந்தமாக ஓர் இணையதளம் செய்வதற்குக் கொஞ்சம் பொறுமையும், பக்கத்து வீட்டில் அப்பாவு மாதிரி ஒருவரும் இருந்தால் போதும், மேடம். நீங்கள் கேட்டது அது இல்லை என்று தெரியும். ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். எழுதிக்கொள்கிற ஸ்டேஷன் ரைட்டருக்கும் சுலபமாக இருக்கும்.

அம்பத்தூர் ஓ.டி.யில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருப்பதுதான் என் பக்தவத்சலம் வரன் தகவல் நிலையம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் நேரில் வந்து ஜாதகம் புரட்டுவார்கள். என் மகள் தேவிப்பிரியா காபி கொடுப்பாள். பிறகு சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பின. மதுரை, நாகர்கோவில் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் குடியேறினார்கள். அவர்களுடைய அப்பா அம்மா ஊரில் இருந்தபடியே போனில் பெண் பார்க்க வேண்டும் என்றார்கள். நாமே செய்துவிடலாமே என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். இந்த வயதில் எனக்கு அதில் பைத்தியமே பிடித்துவிட்டது.

முதல் தடவை செய்ததை அப்பாவுவிடம் கொடுத்துப் பார்த்தேன். மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். போனை எட்டப் பிடித்துக்கொண்டு, "இன்னா நைனா, இம்மாந்துண்டு எழுத்துல போட்டுக்கீறே? கண்ணாடி மாட்னாலும் ஒண்ணும் தெர்ல" என்றார். ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கியது. கடைசியில் தன் பெயரைப் போட்டுத் தனக்கே பெண் தேடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனபிறகுதான் நிறுத்தினார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எழுத்தைப் பெரிதாக்கினேன். பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைத்தேன். போன் எண்ணை மேலேயே போட்டு, தொட்டால் அழைப்பு போகும்படி செய்தேன். அப்பாவுவுக்கு இன்னொரு புகாரும் இருந்தது. "மூலம், ஆயில்யம்னு பாத்தாலே பாதி பேரு ஓடிப்பூடுவான். அத்த இன்னாத்துக்கு முன்னாடி காட்டிக்கினு?" என்றார். நியாயமான பேச்சு. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டையும் விசாகமும் கொழுந்தன்மாருக்கு ஆகாது என்று நம்முடைய ஜனங்களுக்கு ஒரு பயம் இருக்கிறதே. அதனால் தேடும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம் வைத்தேன். 'இந்த நான்கு நட்சத்திரங்களைத் தவிர்க்கவும்.' அதில் நானே முன்கூட்டி ஒரு டிக் போட்டு வைத்தேன். ஏற்கெனவே போட்டிருக்கும் டிக்கை யாரும் எடுப்பதில்லை, மேடம். இதையும் வீடியோவில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

தளத்தில் ஏற்றிய முதல் பக்கம் என் மகளுடையதுதான். அவளுக்கும் அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே வாரத்தில் அழைப்பு வந்தது. புனேயில் வேலை பார்க்கிற பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று சாப்பாடு போடும்போது, "புனேல குளிர் எப்டிப்பா இருக்கும்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் ரசத்தைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். அவள் அம்மா போனபிறகு எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் எனக்கு மாத்திரை எடுத்துவைத்து, செய்தித்தாளில் உள்ள கொலை கொள்ளையெல்லாம் கதை மாதிரி வாசித்துக் காட்டுவாள். அவ்வளவு கலகலப்பான வீடு அம்பத்தூரிலேயே கிடையாது.

புனேக்காரர்களிடம் ஜாதகம் சேரவில்லை என்று சொல்லிவிட்டேன். தளத்தில் அவளுடைய பக்கத்தில் ரேவதி என்று இருந்த நட்சத்திரத்தை மூலம் என்று மாற்றினேன். பட்டியலில் விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் முடிந்தது. கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான் நினைத்தேன். நான்கு வருஷம் போய்விட்டது.

அவளுக்கு எப்படித் தெரியாமல் இருந்தது என்று கேட்கிறீர்கள். நட்சத்திரத்தை 'மேலும்' என்ற பொத்தானுக்குள் வைத்திருந்தேன். தன் நட்சத்திரத்தைத் தானே யார் சரிபார்க்கப் போகிறார்கள்? அவள் பார்த்ததெல்லாம் மேலே இருந்த எண்ணைத்தான். இத்தனை பேர் உங்களைப் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டுகிற எண். அது தானாகவே கூடிக்கொண்டு போகும்படி செய்திருந்தேன். பிள்ளை முகம் வாடினால் என்னால் தாங்க முடியாது. "இன்னிக்கு ஒம்பது பேர்ப்பா" என்று சொல்லிக்கொண்டே காபி ஆற்றுவாள். எனக்கும் மனசு நிறைந்துவிடும்.

மற்றப் பெண்களைப் பற்றியும் சொல்லச் சொன்னீர்கள். அந்த நான்கு நட்சத்திரத்தில் ஆவடி, பூந்தமல்லி எல்லாம் சேர்த்து ஒரு நூறு பேர் இருப்பார்கள். யாரும் யார் கண்ணிலும் படவில்லை என்பது உண்மை. டிக்கை எடுத்தால் என் பெண்ணும் தெரிந்துவிடுவாளே, அதனால் எடுக்க வழியில்லாமல் போயிற்று. மண்ணூர்பேட்டை சாவித்திரி அம்மா, இப்போது உங்கள் வாசலில் நின்று சத்தம் போடுகிறாரே, அவர் மகள் ஸ்வாதிக்கு ஆயில்யம் நட்சத்திரம். ஏன் ஒரு அழைப்பும் வரவில்லை என்று வந்து கேட்பார். அவருக்கும் எண்ணைக் காட்டுவேன், சந்தோஷமாகப் போவார். போட்டோ சரியில்லையோ என்று மாற்றி மாற்றிக் கொண்டுவந்தார். கடைசிப் போட்டோவில் அந்தப் பெண் சிரிக்கவே இல்லை. கொஞ்சம் சிரித்தால் நன்றாக இருக்கும் என்று நான்கூட எடுத்துச் சொன்னேன்.

திருமழிசை சொர்ணம் வராமல் இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாகவே போயிருக்கும். நிலம் நீச்சு உள்ள பழைய குடும்பம். மகன் ராகேஷ் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். அந்த அம்மாள் தளத்தையெல்லாம் நம்பாமல் நேரில் வந்தார், காபி கொடுத்த என் மகளைப் பார்த்தார். "இந்தப் பொண்ணயே குட்த்துடு அண்ணாத்தே. எங்கூட்ல மவராசியா இருப்பா" என்றார். தேவிப்பிரியா உள்ளே போய்விட்டாள், ஆனால் டம்ளரைக் கழுவும்போது பாட்டு முணுமுணுப்பது கேட்டது. அவள் பக்கத்தைத் திறந்து, 'மேலும்' என்பதையும் நானே தொட்டுச் சொர்ணத்திடம் காட்டினேன். "மூலமா? எங்கூட்டுக்காரரு நல்லா கீறாரே, நான் இன்னா செய்வேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

திருமழிசை பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்தானே என்கிறீர்கள். வந்துவிட்டுப் போவது வேறு, வீட்டில் இருப்பது வேறு, மேடம்.

போன வெள்ளிக்கிழமை மாங்காடு கோயிலுக்குப் போனோம். அவள் பிறந்த நட்சத்திரம், வருஷா வருஷம் அர்ச்சனை செய்வோம். குருக்கள் பெயர் நட்சத்திரம் கேட்டார். "தேவிப்பிரியா, ரேவதி, மீன ராசி" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மன் எதிரில் வேறு எப்படிச் சொல்வது? வரிசையில் பின்னாலேயே சொர்ணம் நின்றிருக்கிறார்.

"இன்னா அண்ணாத்தே, சாமிக்கு ரேவதி, எங்களுக்கு மூலமா?"

"யாருக்கு மூலம்?" என்று தேவிப்பிரியா கேட்டாள்.

நான் அர்ச்சனைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கேயே போனில் தன் பக்கத்தைத் திறந்து, 'மேலும்' என்பதைத் தொட்டாள். பிறகு வெளியே வந்து தேடிப் பார்த்தாள். தன் பெயர் வரவில்லை. அந்த டிக்கை எடுத்தாள், வந்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. அவ்வளவு சுலபமாகத்தான் செய்து வைத்திருக்கிறேன்.

"அந்த நம்பர தெனமும் பாத்தேம்பா" என்றாள். சொர்ணத்தோடு ஒரே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். மறுநாள் ஆபீசுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, டிக்கையும் அந்த எண்ணையும் எடுத்துவிட்டு, நட்சத்திரத்தைத் திருத்தினாள். அந்த நூறு வீட்டுக்கும் அவளே போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். வாசலில் நிற்கிறவர்களை இங்கே அனுப்பியதும் அவள்தான்.

எல்லாம் நான் செய்ததுதான், மேடம். தெரிந்தேதான் செய்தேன். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் ரைட்டர் சரியாகக் குறித்துக்கொள்ளட்டும், தளத்தில் ஒரு பழுதும் கிடையாது. டிக்கை எடுத்த நாளிலிருந்து அந்த நூறு பெண்களையும் கேட்டு வருகிற அழைப்புகளால் அவள் போன் ஓயவே இல்லை என்று அப்பாவு சொன்னார். நான் கூப்பிட்டாலும் லைன் கிடைப்பதில்லை.

ஒரே ஒரு உதவி. இத்தனை பேரிடம் பேசினால் பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தக் கட்டத்தில் திரும்ப ஒரு டிக் போட்டுவிடச் சொல்லுங்கள். எனக்காக இல்லை, அவளுக்காகத்தான் கேட்கிறேன்.