முப்பத்தோரு மார்க் வாங்கின துறை

— அந்தப் பேரை என் கையால எழுத மாட்டேன்கா. இந்தா பிரஷ்ஷு, வேணும்னா நீயே ஏறி எழுதிக்க.

— கத்தாதடா தம்பி. உன் மாமா ஆபீஸ்ல ரசீது வாங்கத்தான் போயிருக்கார், இப்ப வந்துருவார். கிரேன் எத்தனை மணிக்கு?

— நாலு மணிக்கு. அது வந்து படகைத் தண்ணியில இறக்குறதுக்குள்ள பெயிண்ட் காயணும். படகுப் பேரை எழுதி முடிச்சு, அதுக்குக் கீழ சொந்தத் துறை பேருக்கு இடம் விட்டு, ரெண்டு மணி நேரமா ஏணியில தொங்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா சாவகாசமா வந்து பழைய துறைங்கிற.

— ஆமா, பழைய துறைதான். இதுல என்ன சந்தேகம்?

— உன் நோட்டை எடு.

— எந்த நோட்டு?

— மார்க் போட்டியே, அந்த நோட்டு! இந்த ஆத்து ஜெட்டியை மாசக் கடைசியில மூடப்போறாங்கன்னு தெரிஞ்சதும் நீயும் மாமாவும் ரெண்டு மாசமா ஒவ்வொரு துறையா போய்ப் பார்த்தீங்கல்ல. ஆழத்துக்கு இத்தனை மார்க், காத்துக்கு இத்தனை, ராத்திரி காவலுக்கு இத்தனைன்னு நீதான போட்ட? புதுத் துறைக்கு எண்பத்திரண்டு. பழைய துறைக்கு முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணுக்கா! பெயிலான பையனைக் கொண்டுபோய் முதல் பெஞ்சுல உக்கார வைக்கிற டீச்சரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.

— மார்க் ஒண்ணும் தப்பில்ல. நல்லா கவனி. அந்தக் கணக்குல நான் ஒரு கேள்வியைச் சேர்க்காம விட்டுட்டேன்.

— என்ன பெரிய கேள்வி? பழைய துறையில வாய்க்கால் மணல் மூடிக் கிடக்கு. தண்ணி ஏறினாத்தான் உள்ள போக முடியும். தெக்கத்திக் காத்து அடிச்சா கட்டியிருக்கிற படகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். போன வருஷம் மட்டும் அங்க அடிபட்டு வந்த மூணு படகுக்கு நான் பேர் திருப்பி எழுதிருக்கேன். புதுத் துறையில ரெண்டு பக்கமும் கல்லு போட்டிருக்கான். வாசல்ல கேட். எந்தப் படகு எப்பப் போச்சு, யார் போனாங்கன்னு வாட்ச்மேன் எழுதி வைக்கிறான். தனியாப் போறேன்னா கேட்டைத் திறக்கவே மாட்டான். மாமா இருக்கிற நிலைமைக்கு அந்தக் கேட் ஒண்ணு போதாதா?

— அந்தக் கேட்தான் எனக்கு வேண்டாம்.

— ஏன்?

— கட்டிப்போட்ட மாடு மாதிரி கேட்டுக்கு உள்ள நின்னு கடலைப் பார்த்துட்டு இருக்கணுமா? வேற எதை வேணா சொல்லு. அதை மட்டும் சொல்லாத.

— சரி, கேட்டை விடு. என் வீடு அங்கிருந்து பத்து நிமிஷம். ஆஸ்பத்திரி பக்கத்துலயே. பழைய துறையில உங்களுக்குன்னு யாருக்கா இருக்கா? ஒன்பது வருஷமாச்சு வீட்டைக் காலி பண்ணிப் படகுலயே குடியேறி. ஐஸ் கம்பெனிக்காரனே போயிட்டான்.

— அதனால என்ன, அவன் புகைக்கூண்டு இருக்குல்ல. அதையும் சர்ச்... இல்ல, அதையும் தண்ணித் தொட்டியையும் ஒரே கோட்டுல வச்சு, சிவப்பு மிதவையை இடது கைப் பக்கம் விட்டு, முப்பது எண்ணுற வரைக்கும் நேரா போகணும். அப்புறம் மெதுவா வலது பக்கம். கண்ணை மூடிட்டுப் போகலாம்.

— புகைக்கூண்டை இடிச்சு ஆறு வருஷமாச்சுக்கா.

— தெரியும் தெரியும். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— உன் பேச்சு எனக்குப் புரியவே மாட்டேங்குது. ஆமா சொல்லிட்டேன்.

— புரியும்படி சொல்றேன், ஏணியை விட்டு இறங்கு. போன மாசம் புதுத் துறையைப் பார்த்துட்டுத் திரும்பி வர்றப்ப என்ன நடந்துச்சு?

— மாமா படகை இந்த ஜெட்டிக்குத் திருப்பாம நேரா பழைய துறைக்குக் கொண்டு போயிட்டார். அதைத்தான நானும் சொல்றேன்!

— முழுசா சொல்லு. படிக்காத பையன் மாதிரி முதல் வரியோட நிறுத்தாத.

— பன்னிரண்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் சுக்கான் அவர் கையில. நீ உள்ள படுத்திருந்த. கண்ணு முழிச்சுப் பார்த்தா பழைய துறை. நம்ம பழைய இடத்துல இப்ப வேற யாரோ கட்டுறாங்க, அந்த இடத்துலயே போய்க் கட்டிருக்கார். அந்தாளு வந்து சத்தம் போட்டிருக்கான். மாமா அது எதையும் காதுல வாங்காம மேட்டுத் தெருவுல ஏறி, நீங்க காலி பண்ணின வீட்டு வாசல்ல நின்னு சாவியைப் போட்டுத் திருப்பிட்டு இருந்தார். அந்த வீட்டுப் பொண்ணு பயந்து போகாம நாற்காலி போட்டுத் தண்ணி குடுத்துச்சு. போதுமா?

— போதும். எல்லாம் சரியா ஞாபகம் வச்சிருக்க.

— ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது. பழைய வீட்டுச் சாவி மாமாகிட்ட எப்படி வந்துச்சு? அது உன் கொத்துலதான கிடக்கும்?

— என் கொத்தை எடுத்துட்டுப் போயிருப்பார். எனக்கே அன்னைக்கு சாயங்காலம் கலங்கலாத்தான் தெரியுது. பதட்டம். மூணு நாள் கழிச்சு அவரா உக்கார வச்சு, இப்படி இப்படி நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொன்னார். பாவம், ஒரு வார்த்தைக்கு நாலு தடவை தண்ணி குடிச்சார்.

— மாமாவா ஒத்துக்கிட்டாரு? பிடிவாதக்காரர் ஆச்சே.

— லாக் புத்தகத்துலயும் இருக்கு. இதோ பாரு. எங்க படகுல சுக்கான் பிடிக்கிறவங்கதான் மணிக்கு மணி எழுதணும். அவருக்கு நீல மை, எனக்குப் பச்சை. இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர் நேரத்தை இன்னொருத்தர் எழுதினதே கிடையாது. பன்னிரண்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. என்ன மை?

— நீலம்.

— நீலம். அவ்வளவுதான்.

— அவரை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனியா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல.

— டாக்டரை நான் பார்த்தாச்சு.

— மாமா வந்தாரா?

— பார்த்தாச்சுன்னு சொல்றேன்ல. குறையாதாம். மெதுவா கூடிட்டுத்தான் போகுமாம். புதுசா வந்ததெல்லாம் முதல்ல போகும், பழசு கடைசி வரைக்கும் நிக்கும்னார்.

— அக்கா...

— அழாத. பெயிண்ட் டப்பாவுல விழப்போகுது. இப்ப நான் விட்ட கேள்வியைச் சொல்றேன். வண்டிக்காரன் தூங்கிட்டாலும் மாடு பழகின வாசல்லதான் போய் நிக்கும். நீ எண்பத்திரண்டு மார்க் துறையில கட்டு, தொண்ணூறு மார்க் துறையில கட்டு. புத்தி தடுமாறுற அன்னைக்கு அந்தக் கால் எங்க போகும்? பழைய துறைக்குத்தான். அங்க போய் நிக்கிறப்ப வாசல்ல நாற்காலி போட ஊரான் வீட்டுப் பொண்ணு இருக்கணுமா, இல்ல நாங்களே அங்க இருக்கணுமா?

— அதுக்காக ஊரையே மாத்துவியா? நீ போயிட்டா எனக்கு யாருக்கா இருக்கா?

— நாலு மணி நேரப் பயணம்டா.

— நாலு மணி நேரம்! ஒருநாள் உன்னால முடியாம போனா? தனியா அவரையும் பார்த்து, படகையும் பார்த்து... நான் எழுத மாட்டேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்க. ஆமா சொல்லிட்டேன்.

— என்ன மாப்ள, அக்காவும் தம்பியும் ஏணிக்குக் கீழ பஞ்சாயத்தா?

— வாங்க மாமா. பஞ்சாயத்து உங்களைப் பத்தித்தான்.

— டேய், வாயை மூடு!

— ஆகட்டும் டீச்சர், பேசட்டும். தீர்ப்பு என்ன?

— ஒண்ணுமில்லீங்க. அவன் பழைய துறை பேரை எழுத மாட்டேங்கிறான். கிரேன் எத்தனை மணிக்கு வருது?

— அக்கா! இப்பதான சொன்னேன், நாலுன்னு!

— நாலு மணிக்குத்தான் டீச்சர். கிரேன்காரர் வாசல்லயே நிக்கிறார். படகைத் தூக்குற பட்டையை எங்க எங்க போடணும்னு கேக்கிறார். உனக்குத்தான் இஞ்ச் கணக்கா தெரியும். ஒரு எட்டு போய் சொல்லிட்டு வந்துடு.

— போறேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் மல்லுக்கட்டிக்காதீங்க.

— மாமா, அவ போயிட்டா. இப்ப வெளிப்படையாவே கேக்கிறேன். உங்களுக்கு ஞாபகம் தப்புது. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா அதுக்காக அக்காவைக் கொண்டுபோய் அந்த மணல் மூடின துறையில தள்ளாதீங்க. உங்க கால்ல வேணா விழுறேன். புதுத் துறைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவ கேப்பா.

— சொல்ல மாட்டேன் மாப்ள. அவ சொல்றதுதான் சரி. எழுது.

— உங்க சுயநலம்தான உங்களுக்குப் பெருசு!

— ஆகட்டும். திட்டி முடிச்சிட்டியா? கையைத் துடை. இந்தா, இதைப் படி.

— என்னது? லாக் புத்தகத்துலருந்து கிழிச்ச தாளா?

— அன்னைக்குத் தாள். புத்தகத்துல இருக்கிறது நான் அப்புறம் உக்காந்து எழுதி ஒட்டினது. பசை கூட சரியா ஒட்டல, நீ பார்க்கல போல.

— பன்னிரண்டு, ஒண்ணு, ரெண்டு... மாமா. இது பச்சை மை.

— படி.

— "நாலு மணி. காத்து விழுந்திருச்சு. ஐஸ் கம்பெனி புகைக்கூண்டு நல்லாத் தெரியுது. அவர் தூங்கட்டும். வீட்டுக்கு வந்துட்டோம்." ...இடிச்ச புகைக்கூண்டு மாமா. இது அக்கா கையெழுத்து.

— அன்னைக்குக் காய்ச்சல், மாத்திரை போட்டுட்டு உள்ள படுத்திருந்தவன் நான். சுக்கான் அவ கையில. நான் முழிச்சப்ப படகு கட்டியிருந்துச்சு, படகுல அவ இல்ல. தெருத் தெருவா ஓடினேன். அந்த வீட்டு வாசல்ல நாற்காலியில உக்காந்து, சாவி சேர மாட்டேங்குதுங்கன்னு என்கிட்ட சொல்றா.

— அப்ப நீங்க சொன்னதெல்லாம்...

— பொய்தான். மூணு நாள் மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துச் சொன்ன பொய். இருபத்தஞ்சு வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவ, மாப்ள. தன் புத்தி தடுமாறுதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே சுக்கானை விட்டுட்டு மூலையில உக்காந்துருவா. அதை என்னால பார்க்க முடியாது. எனக்குத்தான் தடுமாறுதுன்னு நினைச்சா எனக்காக ஓடியாடிட்டு இருப்பா. தைரியமா இருப்பா.

— எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?

— உன் முகம்தான் ஊருக்கே நோட்டீஸ் ஒட்டுமே.

— ஏங்க! கிரேன்காரர் உங்க கையெழுத்து வேணுங்கிறார், சீக்கிரம் போங்க!

— வந்துட்டேன் டீச்சர்! மாப்ள, தாளை மறைச்சு வை, வந்து வாங்கிக்கிறேன். முகத்தைத் துடை.

— என்னடா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?

— டர்பன்டைன் பட்டிருச்சுக்கா.

— பட்டிருக்கும். எழுதுறியா?

— எழுதுறேன். பழைய துறைதான?

— அதேதான். எழுத்தைக் கொஞ்சம் பெருசாவே போடு. கரையில நின்னு பார்த்தாலும் படிக்க வரணும். கிரேன் எத்தனை மணிக்குடா?

— நாலு மணிக்குக்கா. நீ எத்தனை தடவை வேணா கேளு.

— ஓ. சொல்லிட்டாரா?

— என்ன... யாரு சொன்னா?

— மூணாவது தடவை கேட்டதுக்கு நீ கத்தலையே. பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கிற தாள்ல பெயிண்ட் ஆகிடப் போகுது, பார்த்து. அவர் வந்ததும் மடிப்பு மாறாம குடுத்துடு. ஒரு மாசமா அவர் சட்டையைத் துவைக்கிறப்பல்லாம் பையிலருந்து நான் எடுத்துப் படிச்சிட்டு அதே மடிப்போட திருப்பி வைக்கிறேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்டா. பாவம், தாங்க மாட்டார்.