வரைந்தவர் முதலில் ஏறுவது

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, சார். எங்கள் டிசைன் அறையில் இருப்பதில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் இடுப்பு கழன்றுவிடும்.

கேட்டதற்கு வருகிறேன். இரும்புத் தகட்டை மடித்துச் செய்யும் பாகத்தைக் கம்ப்யூட்டரில் வரைய இரண்டு வழி உண்டு. தட்டையான தகட்டில் தொடங்கி ஒவ்வொரு மடிப்பாக மடித்துப் போகலாம். மடிப்பில் எவ்வளவு வளைவு வேண்டும், மூலை கிழியாமலிருக்க எங்கே வெட்டு விட வேண்டும் என்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் முழுக் கட்டியாக வரைந்து உள்ளே குடைந்து எடுக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவுக்கு அது சரி, தகட்டுக்கு ஆகாது. ஆனால் திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

என் தம்பி மனைவிக்கு இது தெரியாது. வேலைக்குப் புதிது, நான்தான் சேர்த்துவிட்டேன். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவள் நான். அவள் கல்யாணமாகி வீட்டுக்கு வந்த மறுநாளே, "அக்கா, நீ ரெஸ்ட் எடு" என்று என் கையிலிருந்த கரண்டியை வாங்கி அவளிடம் கொடுத்தான். அன்பாகத்தான் சொன்னான்.

கட்டடச் சுவருக்கு வெளியே ஆள் நின்று வேலை செய்யும் மேடை. அதைத் தாங்கும் பிராக்கெட் அவள் பங்குக்கு வந்தது.

"எந்த வழியில வரையட்டும், அண்ணி?"

"கட்டியா வரைஞ்சு குடைஞ்சிடும்மா. உனக்கு அதான் சுலபம்" என்றேன். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

மடிப்பு மெஷின்காரர் படத்தோடு வந்தார். "என்னங்க, மூலை கத்தி மாதிரி இருக்கு? இப்படி மடிச்சா வெடிக்கும். அந்தப் பொண்ணுக்கு மாமியார் இல்லாத குறையை நீங்க தீர்த்து வைக்கிறீங்களா?"

நானும் சிரித்தேன். "படத்துல இருக்கிறபடி மடிங்க."

விரிசல் மயிரிழைதான். பெயின்ட் அடித்ததும் மறைந்துவிட்டது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது மேடையை மாட்டியதும் அதை வரைந்தவர்தான் முதலில் ஏறி நிற்க வேண்டும். பயந்து வரையட்டும் என்று முதலாளி வைத்தது. முந்தின நாள் அவளுக்கு அதை ஞாபகப்படுத்தினேன். மாசமாக இருக்கிறாய், வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு வா என்றும் சொன்னேன். அக்கறை இல்லாதவள் அப்படிச் சொல்வாளா?

மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே மேடையை மாட்டியவன் என் தம்பி. அவள் காலெடுத்து வைக்கப் போனபோது கையைப் பிடித்து இழுத்தான்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு என்ன சர்க்கஸ்? தள்ளு. என் பொண்டாட்டி வரைஞ்சதுல நான் நிக்க மாட்டேனா?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "வேண்டாம்டா" என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று கேட்பான். அவள் முன்னால் கேட்பான்.

வெடிக்கும் என்று தெரிந்தேதான் அந்த வழியைச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தம்பியை நான் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள், சார். அந்தத் தகடு அவனுக்காக இல்லை.