முனகாத மனிதரின் பலகை

அவைக்குத் தலைமையேற்று, பலகையைத் திறந்துவைக்க என்னை மேடையேற்றிய ஹால்வார் அவர்களே! கடலைக் கண்டு கலங்காத மூத்தோரே! பிள்ளையின் காய்ச்சலைக் கை வைத்தே கண்டுபிடிக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் காப்பிக்குக் காத்திருக்கும் கண்ணியவான்களே! இந்தப் போர்கில்ட் கிழவிக்கு மேடையில் பேச வராது என்பீர்கள். இன்று வரும். அனைவருக்கும் வணக்கம்.

இந்தத் துணிக்குப் பின்னே என் கணவர் தோர்கில்ஸின் பெயர் இருக்கிறது. அதன் கீழே, 'கடைசிவரை முனகாத மனிதர்' என்று பொறித்திருக்கிறீர்கள். பெருமையாகத்தான் பொறித்தீர்கள். ஆனால் கேட்கிறேன்: முனகாதது பெருமையா? முனகாமலே மாண்டது பெருமையா?

ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலையில் பாதியில் கிளம்புவது நம் தீவில் மானக்கேடு. இந்த மன்றத்துக்குக் கூரை மாற்றிய சனிக்கிழமை, உச்சியில் ஆணி அடித்துக்கொண்டிருந்த என் கணவர் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. முழங்கால் வலிக்கென்று மாதக்கணக்கில் மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில், கறுப்புக் காப்பியோடு. அதனால் வந்த புண் அன்றைக்கு ஓட்டையாகிவிட்டது. எங்களுக்கு அது தெரியாது. கீழே நின்று, இறங்கி வா மனுஷா என்று கத்தினேன்.

"கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். நான் பாதியில போனா, கூட வேலை செய்யுற ஆஸ்லாக் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்."

ஆஸ்லாக், தலையைக் குனியாதே. உனக்கு வலித்திருந்தால் நீயும் இறங்கியிருக்க மாட்டாய்.

வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். மாலையில் நானே மருத்துவமனைக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தேன். எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டார்கள். "கொஞ்சம்" என்றார். இங்கே விரல் நசுங்கினாலும் கொஞ்சம், படகு கவிழ்ந்தாலும் கொஞ்சம்! நகரத்துச் செவிலி பாவம், சொன்னதை நம்பினார். காலையில் வரச் சொன்னார்.

காலையில் வயிறு பலகையாய் இறுகியிருந்தது. ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, சிறுநீரகமும் சோர்ந்துவிட்டது. அறுவை மருத்துவர் ஊனி அந்த ஓட்டையை அழகாகத் தைத்தார். தையல் நிலைத்தது, என் மனிதர் நிலைக்கவில்லை.

வயதா கொன்றது என்று ஊனியிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"வயசும் ஒரு காரணம்தான். பழுதான இதயமும் ஒரு காரணம். அதையெல்லாம் என்னால மாத்த முடியாது. ஆனா இவரைவிட வயசானவங்க நேரத்துல வந்து, தானா நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க. தள்ளிப்போடுற ஒவ்வொரு மணி நேரமும் பிழைக்கிற வாய்ப்பைக் குறைச்சிடும். அந்த நேரம் ஒண்ணுதான் நம்ம கையில இருந்துச்சு."

என்ன, முன்வரிசையில்? விதி என்கிறீர்களா? விதியல்ல ஐயா, வீம்பு! வலியை விழுங்கிய வீம்பு! அந்த வீம்புக்கா விழா? அந்த வீம்புக்கா வெண்கலம்? என் மனிதரைக் கொன்றதை என் கையாலேயே திறந்துவைக்கச் சொல்கிறீர்களா? மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், மாட்டேன்! அவர் ஒருமுறை, ஒரே ஒருமுறை வாய்விட்டு அலறியிருந்தால், இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து என் பேச்சை நக்கலடித்துக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒரு கேள்வி. இந்த மன்றத்தில் இப்போது யாருக்காவது வலிக்கிறதா?

வலித்தால் கை தூக்குங்கள். காத்திருக்கிறேன்.

கை தூக்குவது யார்? தலைவரே, நீங்களா? பலகையில் இந்த வரியை எழுதிய நீங்களா? "கொஞ்சம்" என்று சொல்லாதீர்கள், ஹால்வார். நேற்றிலிருந்தா? எழுந்திருங்கள். ஆஸ்லாக், படகைக் கிளப்பு. வந்தவர்களுக்கு நன்றி, வணக்கம், வழிவிடுங்கள்!