பேர் சொல்லக் கூடாத வாசகர்

"ஆக்களுக்குத் தெரியாம அவங்க வாசிக்கிறத ஒளிஞ்சி பார்க்கிறதுதான் இப்ப என்ட வேல."

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் புறப்பட்ட பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதற்கான படிப்பும் படிக்கிறாளாம்; அதற்காகத்தான் இந்த ஆராய்ச்சி. பக்கத்தில் முக்காட்டைச் சரிசெய்தபடி அவளுடைய சின்னம்மா; சாச்சி என்றுதான் கூப்பிட்டாள்.

"ஏன்கா ஒளிஞ்சி பார்க்க? நேர கேட்டா என்ன?"

"கேட்டுப் பார்த்தன் சாச்சி. எல்லாரும் மார்க்கப் புத்தகம்தான் வாசிக்காங்களாம். ஆனா சினிமாப் புத்தகம்தான் கிழிஞ்சி தொங்குது."

சாச்சி சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப எங்கட புள்ளைக்குப் பேசி வந்த மாப்பிள என்ன வாசிக்கார்? வீட்டோட வயலும் சீதனமா வேணுமெண்டு நிக்காங்களே, அவர்தான்."

"ஆராய்ச்சியில ஆக்கள்ர பேர் சொல்லக் கூடாது சாச்சி."

"பேர் வேணாம். நெட்டையா, கண்ணாடி போட்ட, மருதமுனை மாஸ்டர் ஒருத்தர் என்ன வாசிக்காரெண்டு சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்பிடி ஒருத்தர் வாறார்தான். தடிச்ச புத்தகம் ஒண்ட விரிச்சி வைப்பார். ஒரு தாளும் பொரட்ட மாட்டார். எப்பவும் அந்த ஜன்னலடிக் கதிரையிலதான் குந்தியிருப்பார்."

"ஜன்னலுக்கு அங்கால என்ன இரிக்கி?"

"ஒங்கட மகள் தையல் பழகுற வீடு."

சாய்ந்தமருதில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. காரைதீவு வந்ததும் சாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப வயல் குடுக்கத் தேவல்ல."