துரை வீட்டு ரேஸ் காரும் நாலு எலுமிச்சம்பழமும்

லூபோக் சீனாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸைப் பட்டாளத்தார் நிறுத்தி, எல்லாரையும் சோதனை போட்டு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கலைத்துப் போட்ட கூடையை மறுபடி அடுக்கிக்கொண்டே, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள்:

“எலுமிச்சம்பழத்தாலதான் சின்ன துரை ரேஸ்ல தோத்தாராம்க்கா.”

“யாரு, வருசா வருசம் கப்பு தூக்கிட்டு வருவாரே, அவரா?”

“அவரேதான். தாத்தா, அப்பா, இவரு, பரம்பரையே ரேஸ் காடி ஓட்டுறவங்க. ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால காடி நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வந்துரும். என் வீட்டுக்காரருதான் பூசாரி. நாலு சக்கரத்துக்கும் பழம் வச்சு, சூடம் காட்டி அனுப்புவாரு.”

“சரி, இப்ப என்னவாம்?”

“இந்த வாட்டி பாதி ரேஸ்ல டயரு வெடிச்சிருச்சு. காஞ்ச பழத்த வச்சதாலதான்னு பெரிய துரை கோயில் சாவியப் புடுங்கிட்டாரு.”

“காஞ்சத ஏன் புள்ள வச்சாரு?”

“நல்ல பழம்தான்க்கா வாங்கிட்டு வந்தாரு. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குக் கொண்டு போறியான்னு, இதே செக்கிங்ல வெள்ளைக்காரன்தான் பறிச்சான்!”

“அத துரைகிட்ட சொல்ல வேண்டியதுதானே லா.”

“சொன்னாரு, காதுலயே வாங்கல. போன வருசம் கப்பு வந்தப்ப எங்க எல்லாரையும் பங்களா வாசல்ல நிக்க வச்சுப் பேசினாரே, அப்ப எலுமிச்சம்பழத்தப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா? ஜெயிச்சா அப்பன் பாட்டன் ரத்தம், தோத்தா மட்டும் எங்க பழமா?”