ஒரே மருந்துதாம்மா

— நம்ம மெடிக்கல்ல ஊசிய ஐஸ்ல வெச்சி குடுக்கறம்ல, ஈரம் பட்டு லேபிள் உரிஞ்சிருக்கும்மா.

— ஈரத்துல உரிஞ்சா ஓரத்துலருந்து உரியும், வேதகிரிண்ணே. இது பிளேடு போட்டு சுரண்டினது. வாரத்துக்கு ஒண்ணுன்னு முப்பத்தாறு காலி ஊசி இந்த டப்பால கீது. ஒண்ணுலயும் பேரு இல்ல.

— ஏம்மா பாக்கியமேரி, காலி ஊசிய போய் சேத்து வெச்சிக்கினு…

— குப்பைல போட்டா புள்ளைங்க கால்ல குத்தும்னு நர்சம்மா சொன்னாங்க. அதான் வெச்சேன். போன வாரம் குடுத்தியே, அதுல சுரண்ட மறந்துட்ட. அத எடுத்துக்கினு மெட்ராஸ்ல நரம்பு டாக்டரப் பாத்தேன்.

— சொல்றத கேளும்மா. இவ்ளோ நாளா வாங்க போங்கன்னு பேசினவ, இன்னிக்கு நீ வா போன்னு பேசற.

— டாக்டரு படிச்சி காமிச்சாரு. சீட்டுல அவரு எழுதினது வெளிநாட்டு ஊசி. இது நம்ம நாட்லயே செய்யறதாம். வெல மூணுல ஒரு பங்குதானாம். நீ வாங்கினது வெளிநாட்டு வெல.

— ஒரே மருந்துதாம்மா! அதையும் சொன்னாரா இல்லியா?

— சொன்னாரு. பேருதான் வேற, வேல ஒண்ணுதான்னாரு.

— அப்புறம் இன்னா? நான் தண்ணியவா ஊத்திக் குடுத்தேன்? உன் வூட்டுக்காரரு ஜான் நடக்கறாரா இல்லியா?

— நடக்கறாரு. முன்னாடி வருசத்துக்கு ரெண்டு மூணு தபா காலு இயுத்துக்கினு படுத்துடுவாரு. இந்த ஊசி போட்ட எட்டு மாசமா ஒரு தபா கூட படுக்கல. ஊசி போட்ட அன்னிக்கு குளிர் ஜுரம் வரும், மறுநாளு எழுந்துடுவாரு.

— பாத்தியா? இந்த உத்திரமேரூர்ல வேற எந்த மெடிக்கல்ல இதுக்கு பிரிட்ஜ்ல எடம் குடுப்பான்? கரண்ட் போனா ஜெனரேட்டர் போடறேன். யாவாரம்னா நாலையும் பாக்கணும்மா. உள்ளூர் சரக்குன்னு சொல்லி குடுத்தா நீ வாங்கியிருக்க மாட்ட.

— கேட்டனே. மொத மாசமே, இங்கியே நின்னு கேட்டேன். இதவிட கம்மில எதுனா கீதான்னு. மலிவா வரதெல்லாம் டூப்பு, போட்டா இருக்கற காலும் போய்டும்னு சொன்ன. சொல்லிக்கினே அதையே சுரண்டி எடுத்துக் குடுத்த.

— மெதுவா பேசும்மா, ஆளுங்க வராங்க.

— மொத தபா நான் பொடவைல மொகத்த தொடச்சிக்கினு அயுதப்ப, உக்காரச் சொல்லி சோடா வாங்கிக் குடுத்தியே. அப்பவே உள்ள பிளேடு வெச்சிருந்திருப்ப. அந்த சோடாவ நெனச்சா இப்ப வாந்தி வருது.

— சரி, தப்புதான். கூட வாங்கினத திருப்பித் தந்துடறேன். வெளிய மட்டும் சொல்லிடாத, கடை போய்டும். ஆனா ஒண்ணு சொல்லு. ஆளு நல்லாத்தான் கீறாரு. காச விட்டா உனுக்கு வேற இன்னா நஷ்டம்?

— அவரு தங்கச்சி செவ்வந்தி கீறா, தெரியும்ல?

— தையக்காரப் பொண்ணு. அதுக்கு இன்னா?

— அவளுக்கும் இதே நரம்பு நோவு. டாக்டரு ரெண்டு பேருக்கும் ஊசி எழுதினாரு. நெலத்த வித்த காசு ஒருத்தருக்குத்தான் பத்துச்சி. அண்ணனுக்கு ரெண்டு புள்ளைங்க கீது, அவருக்கே போடுங்கன்னுட்டா. அந்தக் காசுல ரெண்டு பேருக்குமே போட்டு மீந்திருக்கும்.

— எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது.

— அவளுக்கு முன்ன ஒரு தபா கண்ணு மங்கி திரும்ப வந்துச்சி. ஆடி மாசம் மறுபடியும் மங்கிச்சி. இப்ப ஊசில நூலு கோக்கறதுக்கு பக்கத்து வூட்டாளக் கூப்புடறா. போட்டிருந்தா நிச்சயமா தடுத்திருக்கும்னு டாக்டரு சொல்லல. தடுத்திருக்காதுன்னும் சொல்லல.

— அந்தப் பொண்ணுக்கும் இனிமே நானே…

— இந்த உள்ளூர் ஊசியவே அதோட அசல் வெலைக்கு ரெண்டு பேருக்கும் எடுத்து வை. லேபிள் மேல கை வெக்காத.

— வெக்க மாட்டேன். ஆனா ஊர்ல சொல்லிட மாட்டியே?

— சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத, அதக் கேக்கத்தான் வந்தேன். தங்கச்சி கண்ணுக்கு வேண்டிய காசு இப்பிடி போச்சின்னு ஜானுக்கு தெரிஞ்சா, அடுத்த ஊசிய போட்டுக்க மாட்டாரு.