பாக்கெட்டைக் காலி பண்ணு

சின்ன பட்ஜெட்டில் படம் எடுக்கிறவர்கள் கேமராவுக்குக் கொட்டிக் கொடுப்பார்கள். ஒலிப்பதிவுக் கருவி வாங்கும்போதுதான் கையைப் பிசைவார்கள். படம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் கலை என்று மன்னித்துவிடுவார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். இருபது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான். கருவிப் பட்டியலை இந்த ஸ்டேஷன் மேசையில் வைத்து, எழுதியது நீதானா என்று கேட்டீர்கள். நான்தான் சார். நிதானமாக யோசித்து எழுதினேன்.

செத்துப்போன இயக்குநரை நாங்கள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த ஷாட்டையும் 'ஒன்மோர், ஒன்மோர்' என்று திரும்ப எடுப்பான், அதனால் அவன் பேரே ஒன்மோர். கல்லூரியில் என்னோடு ஒரே அறை. எங்கள் அம்மா கையால் சாப்பிட்டு உடம்பு வளர்த்தவன். என் தங்கச்சியும் அவனை ஒன்மோர் என்றுதான் கூப்பிடுவாள். கோபித்துக்கொள்ள மாட்டான்.

நாலு வருஷத்துக்கு முன் முதல் படம் எடுத்தான். கதாநாயகிக்கு ஆள் கிடைக்கவில்லை, தங்கச்சி நடித்தாள். நான் ஒலிப்பதிவு. கல்குவாரியில் தேங்கிய தண்ணீரில் விழுந்து அவள் உதவிக்குக் கூப்பிடுகிற காட்சி. காற்று அடிக்கிற திறந்தவெளி, தூரத்துக் குரலைப் பிடிக்கிற நீளமான மைக் வேண்டும், அதற்குக் காற்று மறைப்பு உறை வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேமரா தலையில் மாட்டுகிற ஒரு சுண்டைக்காய் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்டா மச்சி, சமாளி" என்றான். தங்கச்சிக்கு நீச்சல் அரைகுறை. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டது. அவன் கட் சொல்லவில்லை. கேமராவைப் போட்டுவிட்டு அவன் குதித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்று ஊர் பேசியது. விபத்து என்று எழுதி மூடினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒன்மோர் மாதாமாதம் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா காலடியில் உட்கார்ந்து அழுவான், அம்மா அவன் தலையைத் தடவிக் கொடுப்பாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அவனை நான் வெறுத்தேன் சார், அதை மறைக்கவில்லை. ஆனாலும் காபி கலந்து கொடுத்தது நான்தான். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா?

போன வருஷம் புதுக் கதையோடு வந்தான். பாழடைந்த குளிர்பதனக் கிடங்கில் ஒருவன் மாட்டிக்கொள்கிறான், கதவைத் தட்டுகிறான், கத்துகிறான். ஒரே ஆள், அவனே நடிப்பான். ஒரே ஷாட், பதினைந்து நிமிஷம். "இந்தத் தடவை நீ என்ன சொல்றியோ அதை வாங்குறேன்டா. சவுண்டுல கஞ்சத்தனம் பண்ண மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். கதையைக் கேட்டு முடித்தபோதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

நாலு நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். ரெக்கார்டர் தோளில் தொங்குகிற சின்னதுதான், ஆனால் கிசுகிசுப்பையும் கூச்சலையும் ஒரே மாதிரி வாங்கும். சட்டையில் குத்துகிற மைக் முதல் தரம். தகரச் சுவர் அலையை விடாது, அதனால் வயர்லெஸ் வேண்டாம், குழாய் போகிற ஓட்டை வழியாக வயர் இழுத்துக்கொள்ளலாம் என்றேன். அதில் பொய் இல்லை. ஹெட்ஃபோன் மட்டும் ஒன்றே ஒன்று. இயக்குநருக்கு ஒன்று, உதவி இயக்குநருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். "நீ உள்ளே நடிக்கிறே, வெளியே நான் ஒருத்தன் கேட்டா போதாதா?" என்றேன். காசு மிச்சம் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

கம்பளியும் பட்டியலில் இருந்தது. தகர அறை எதிரொலிக்கும், சுவர் முழுக்கக் கம்பளி தொங்கவிட்டால்தான் அடங்கும், இது எந்த ஒலிப்பதிவாளனும் செய்வது. பழைய சாமான் கிடங்கில் பன்னிரண்டு கம்பளி பொறுக்கினேன். தொட்டால் புழுதி பறந்தது. உதறி வெயிலில் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒன்மோருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா.

காலை பதினோரு மணிக்கு ஷாட். மைக் குத்துவதற்கு முன் நடிகரின் பாக்கெட்டைக் காலி செய்யச் சொல்வது எங்கள் தொழில் வழக்கம். சாவி, சில்லறை, போன் எல்லாம் அசைந்தால் சத்தம். எல்லாவற்றையும் கொடுத்தான். மூச்சுக்கு அடிக்கிற பம்ப் மட்டும் பாக்கி இருந்தது.

"இது கூடவாடா?"

"மைக்குப் பக்கத்துல கடகடங்குது. கால் மணி நேரம்தானே, என்கிட்ட இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டே என் உள்ளங்கையில் வைத்தான். கேமராமேன் கேமராவை ஓடவிட்டு வெளியே வந்தார். கனத்த கதவு, உள்பக்கக் கைப்பிடி ஏற்கெனவே உடைந்திருந்தது. கடைசி வசனம் வந்ததும் நான் கையைத் தூக்க வேண்டும், அவர் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஆறாவது நிமிஷம் இருமினான். அந்த இருமல் ஸ்கிரிப்டில் இல்லை.

"எப்படிண்ணே போகுது?" என்று கேமராமேன் மெல்லக் கேட்டார்.

"பின்னி எடுக்கிறான். யாரும் அசையாதீங்க."

உதவி இயக்குநர் பெண் கெட்டிக்காரி. "ரொம்ப வேகமா தட்டுற மாதிரி இருக்கே சார்?" என்றாள். "தட்டணும்னுதானேம்மா எழுதியிருக்கு" என்றேன். அவள் காகிதத்தைப் புரட்டினாள். 'கதவைத் தட்டுகிறான், திறங்க என்று கத்துகிறான்' என்று அவன் கையாலேயே எழுதியிருந்தது. காகிதத்தை மடித்துக்கொண்டாள்.

எட்டாவது நிமிஷம் பம்ப்பைக் கேட்டான். அது என் பாக்கெட்டில் இருந்தது. மூச்சு, பழைய கதவு திறக்கிற மாதிரி கீச்சிட்டது. அவ்வளவு சுத்தமான ஒலியை இந்தத் தொழிலில் நான் பிடித்ததில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டு மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டான். "உனக்குக் கேக்குதுன்னு தெரியும்டா" என்றான். நான் ரெக்கார்டரில் ஒலி லெவலைக் கொஞ்சம் குறைத்தேன்.

கடைசி வசனம் வரவில்லை, அதனால் கையைத் தூக்கவில்லை. பதினேழாவது நிமிஷம் அந்தப் பெண் என்னைக் கேட்காமலே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ரெக்கார்டிங் நடக்கும்போது அப்படிச் செய்யக் கூடாது.

ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். ஒலிப்பதிவாளன் எதையும் அழிக்க மாட்டான் சார். அதனால்தான் 'உனக்குக் கேக்குதுன்னு தெரியும்' என்றதற்குப் பிறகு அவன் பேசியதையும் நீங்கள் எனக்கே போட்டுக் காட்ட முடிந்தது. "எதிர்க்கரையில இருந்த எனக்கு ஒண்ணும் கேக்கலடா. உன்னைப் பார்த்தேன். நீதானே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினே. இத்தனை வருஷம் உங்கம்மாகிட்ட நான் சொல்லலையேடா." திக்கித் திக்கித்தான் சொல்கிறான், ஆனால் ஒரு வார்த்தை கூட விழுங்கவில்லை. முதல் தர மைக்.

விரலைத் தூக்கியது உண்மைதான். எதிர்க்கரையில் இருக்கிறவனுக்கு ஒலி சரியாக இருக்கிறது, தொடரலாம் என்று வேறு எப்படிச் சொல்வது? என் வீட்டில் நீங்கள் கைப்பற்றிய குவாரிப் பதிவையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். நானும் பல தடவை கேட்டாயிற்று. காற்று புஸ்புஸ் என்று இரைகிறது. 'யாராவது வாங்க, யாராவது வாங்க' என்று ஸ்கிரிப்டில் இருந்தபடியே மூன்று தடவை சொல்கிறாள். அப்புறம் 'அண்ணா' என்கிறாள். இரண்டு தடவை. காற்றை மீறி அது தெளிவாகவே விழுந்திருக்கிறது. அன்றைக்கும் ஹெட்ஃபோனில் தெளிவாகத்தான் கேட்டது. அந்தக் கதையில் அவளுக்கு அண்ணன் கிடையாது. தானாகவே வசனம் சேர்த்து என்னமாய் நடிக்கிறாள் என்று பூரித்துப்போய்த்தான் விரலைத் தூக்கினேன்.

நல்ல மைக் வாங்கித் தந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும் சார். வாங்கித் தராததற்காகத்தான் அவனைக் கொன்றேன்.